மூச்சு விடாத புல்லாங்குழல்காரர்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம். நலமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு குத்தலான பதில் எழுதுவாய், விஷயத்துக்கு வர நேரமாகும்.

நான்கு வருடம் பேசாமல் இருந்துவிட்டு அக்கா ஏன் இப்போது எழுதுகிறாள், அதுவும் காகிதத்தில், என்று யோசிப்பாய். போன் செய்யலாம்தான். நீ "ம்" என்பாய். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வேன். எழுத்தில் வெறும் "ம்" என்று எழுதி தபால்தலை ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும் என்பதால் கடிதம்.

விஷயம் இதுதான். ஒரு நாடகக் குழு. நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். யாரும் கேள்விப்பட்டதில்லை என்பதை அவர்களே பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கப்பல் மூழ்குகிற கதை. மேடையில் கப்பல் கிடையாது, தண்ணீர் கிடையாது. நான்கு நடிகர்களும் ஒரு ஏணியும். மிச்சத்தையெல்லாம் இசை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். முழு ஆர்க்கெஸ்ட்ரா. "கம்ப்யூட்டர் சத்தம் மட்டும் வேணாம் மேடம், எனக்குக் கேட்டவுடனே தெரிஞ்சிடும்" என்றார் இயக்குநர். நான் சொன்னேன்: "அதெல்லாம் இல்ல சார், நம்மகிட்ட ஆளுங்க இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்காதே. ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில் இத்தனை வருடம் "டாக்டர் இருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்று சொல்லிச் சொல்லி, இல்லாதவர்களை இருக்கிறார்கள் என்பது எனக்கு வாய்ப்பழக்கமாகிவிட்டது. ஆள் என்று என்னிடம் இருப்பது உன் அத்தான் ஒருவர். அவர் கைதட்டினால்கூட தாளம் தப்பும்.

அந்த அத்தான்தான் இப்போது நான் இசை அமைக்கிற பின்னறையைக் கேட்கிறார். நின்ற இடத்திலேயே ஓடுகிற இயந்திரம் ஒன்று வாங்கிப் போடப் போகிறாராம். "நீ அங்க உக்காந்து என்னதான் பண்றே, யாராவது கேக்கறாங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது. இந்த நாடகம் கிடைத்தால் அறை எனக்கு, கிடைக்காவிட்டால் உங்களுக்கு என்று சொல்லிவிட்டேன். அறை போனால் இசையும் போகட்டும், மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். எனக்கும் அலுத்துவிட்டது.

நீ இசைக் கருவிகள் விற்கிற கடையில் வேலை பார்க்கிறாய். குறைந்த விலையில், கேட்டால் நிஜ ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி இருக்க, என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுது. என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். ஏப்ரலுக்குள் முடிய வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

ம்.

(கூச்சமாக இல்லை.)

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். குறைந்த விலை, நிஜம் மாதிரி. பல் கட்டுகிற டாக்டரிடமும் இதையேதான் கேட்பார்கள் போலிருக்கிறது.

ஸ்பீக்கர் வாங்காதே. உன் பின்னறை சதுரம். சதுர அறையில் ஸ்பீக்கர் வைத்தால் இசையைவிடச் சுவர்தான் அதிகம் பேசும். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் வாங்கு. பெட்டியின் மேல் "அதிரடி பாஸ்" என்று போட்டிருந்தால் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்துவிடு. அது காதுக்குப் பொய் சொல்கிற ஹெட்போன். உனக்கு அந்த உதவி தேவையில்லை.

லேப்டாப்பை மாற்றாதே. உள்ளே மெமரியைக் கூட்டச் சொல், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. போடச் சொல். கீபோர்டு யாராவது விற்கிற பழையதே போதும். அது சொந்தமாகச் சத்தம் போட வேண்டியதில்லை, கம்ப்யூட்டருக்கு விரலைக் கடத்தினால் சரி. ஆனால் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும், அது ஒழுங்காகத் திரும்ப வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் சக்கரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவாய்.

பிறகு ஒரு சாம்பிள் தொகுப்பு. எங்கோ ஒரு மண்டபத்தில் நிஜ வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை, இழுத்து ஒருமுறை, வெட்டி ஒருமுறை வாசிக்கவைத்துப் பதிவு செய்திருப்பார்கள். நீ கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டால் அந்த ஒரு சுரத்தை அவர் உனக்காக மறுபடி வாசிப்பார். சின்னத் தொகுப்பாக வாங்கு. சின்னது. அடிக்கோடிடத் தெரியாததால் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் உன் இசை முதன்முதலாக அரங்கேறிய அன்று கொடுத்த துண்டுத்தாளில், கரண்ட் வேலை பார்த்தவரின் முழுப் பெயர் இன்ஷியலோடு இருந்தது. அதற்குக் கீழே "உதவி: தம்பி" என்று இருந்தது. மூன்று மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக இழைத்தவன் நான். ஆகவே மேலே உள்ளதைத் தம்பி சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைக்காரன் சொன்னது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

அது அச்சகத்துக்காரன் செய்த வேலை. அப்போதே சொல்லியிருப்பேன், நீதான் காது கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

ஹெட்போன் வாங்கிவிட்டேன். போட்டுக்கொண்டால் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் கேட்பதில்லை. அத்தான் கூப்பிடுவதும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது வசதியை ஏன் விளம்பரத்தில் போடுவதில்லை? கீபோர்டு, வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கிடைத்தது. நீ சொன்னபடி சக்கரத்தைத் திருப்பினேன், திரும்பியது, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "மேடம், மத்தபடி வாசிச்சுப் பாக்கலையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். திருட்டுச் சாமான் வாங்குகிறவள் என்று நினைத்திருப்பார்.

தொகுப்பு விஷயத்தில் நீ திட்டுவாய். சின்னதன் பக்கத்திலேயே பெரியது தள்ளுபடியில் கிடந்தது. சின்னதைவிடக் கொஞ்சம்தான் கூட. பெரியதில் அறுபது வயலின், கோரஸ், இடி மாதிரி முரசு, எலும்பில் செய்த ஒரு புல்லாங்குழல் எல்லாம் இருக்கின்றன. எலும்புப் புல்லாங்குழல் எனக்கு எதற்கு என்று நீ கேட்பாய். கப்பல் மூழ்கப் போகிறதே, யாருக்குத் தெரியும்.

ஒரு சிக்கல். தொகுப்பைத் திறந்தால் லேப்டாப் யோசிக்கிறது. காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் வயலின் தயாராக இருக்கிறது. பித்தளை ஹார்னைக் கூப்பிட்டால் வயலின் மயங்கி விழுகிறது.

இருந்தாலும் கப்பல் கிளம்புகிற காட்சியை முடித்துவிட்டேன். இத்தோடு பென் டிரைவில் வைத்திருக்கிறேன், கேள். அத்தான் கேட்டார். "நல்லாருக்கே, சினிமா மாதிரி இருக்கு" என்றார். எந்த சினிமா என்றேன். பேப்பரை விரித்துக்கொண்டார்.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

நான் உன் தம்பி என்று அச்சகத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?

இசைத் துண்டைக் கேட்டேன். வருத்தமான செய்தி. உன் புல்லாங்குழல்காரர் காலமாகிவிட்டார். துறைமுகத்தில் ஊதத் தொடங்கியவர், கப்பல் கரையைவிட்டு மறைகிற வரைக்கும் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. உடம்பு நீலமாகியிருக்கும். அதற்குப் பிறகும் ஊதிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் பயமாக இருக்கிறது.

வயலின்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் ராணுவத்தில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நொடியில் வில்லைத் தூக்கி, ஒரே நொடியில் இறக்குகிறார்கள். காரணம், நீ இரண்டு கையாலும் மொத்தமாகப் பிடித்து பியானோ மாதிரி வாசிக்கிறாய். அப்படி வாசித்தால் அறுபது வயலினும் ஒரே ஆள், அதாவது நீ. ஆர்க்கெஸ்ட்ரா என்பது ஒருவரோடு ஒருவர் முழுக்க ஒத்துப்போகாத நாற்பது பேர், பாதி வழியில் சமாதானமாகப் போகிற ஏற்பாடு. உன் துண்டில் சண்டையே இல்லை. அதனால் சமாதானமும் இல்லை.

ஒவ்வொரு வரியையும் தனியாக வாசி. முதல் வயலின் ஒருமுறை, இரண்டாம் வயலின் ஒருமுறை, வயலினுக்குப் பெரியண்ணன் செல்லோ ஒருமுறை. வலது கை கட்டைகளில், இடது கை சக்கரத்தில். சக்கரம்தான் வில்லின் அழுத்தம், ஊதுகிறவரின் நெஞ்சு. திருப்பினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். அதற்காகத்தான் சக்கரம். ஊதுகிற வாத்தியம் என்றால் முதலில் வாயால் பாடு. உனக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே அவருக்கும் வாங்கட்டும். ஒரு வாத்தியம் முடிந்ததும் அதை ஒலிக்கோப்பாக மாற்றிவிட்டு மெமரியிலிருந்து இறக்கிவிடு, லேப்டாப் மயங்காது.

கோரஸைக் கழற்று. கப்பல் கிளம்பும்போதே இத்தனை பேர் "ஆ" என்று அலறினால், மூழ்கும்போது என்ன செய்வார்கள்?

கடையில் டெமோ ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா வாசிக்கறது?" என்றார். "யாருமில்ல சார்" என்றேன். பொய்யில்லை. நான் நான்கு வருடமாக ஒரு வரிகூடச் செய்யவில்லை. இசை செய்யாமல் தள்ளிப்போட மற்றவர்களுக்குத் தேவைப்படுகிற சாமான்களை விற்கிறேன். "இன்னும் ஒரு நல்ல மைக் வந்தால் ஆரம்பித்துவிடுவேன்" என்று ஒருவர் வாரம் தவறாமல் வருகிறார். அவரை எனக்குப் பிடிக்கும்.

செல்லோ வரி நன்றாக இருக்கிறது. அதைத் தொடாதே.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

அச்சகத்துக்காரன் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

உன் தயவில் புல்லாங்குழல்காரருக்கு மூச்சு வந்துவிட்டது. எனக்குத்தான் போய்விட்டது. பகல் முழுக்கக் கவுன்ட்டரில் "ஊசி ஒண்ணுதான் போட்டாங்க, பில்லுல ரெண்டு இருக்கே" என்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து ஓபோ ஊதுகிறவளாகிறேன். பிறகு இரண்டாம் வயலின். பிறகு ஹார்ன். ஹார்னை வாயால் பாடிப் பார்த்தபோது பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே காட்டினேன். எலும்பு டாக்டர் "வீட்டுல மாவு ஏதாவது பிசையறீங்களா?" என்றார். "வயலின் சார்" என்றேன். "எத்தனை வருஷமா?" என்றார். "ரெண்டு வாரமா. அறுபது வயலின்" என்றேன். களிம்பு எழுதிக்கொடுத்தார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்திருக்கிறேன். கேட்டால் உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், பிடிக்காவிட்டாலும் இன்னொரு முறை செய்ய என்னிடம் கை இல்லை. ஒவ்வொருவரும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ஒருவரும் ஒரே இடத்தில் இல்லை. ஆளுக்கொரு வீட்டிலிருந்து தனியாக வாசித்து அனுப்பிய மாதிரி இருக்கிறது. வாசிப்பு நின்றால், அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி. பிணவறை வாசலில்கூட இத்தனை அமைதி இருக்காது, நான் போயிருக்கிறேன்.

நீயே வந்து செய்து கொடு. டிக்கெட் நான் போடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வர முடியாது. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பு இல்லாவிட்டாலும் வர மாட்டேன். நான் உட்கார்ந்து செய்வேன், நீ என் தோளுக்குப் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பாய். ஆறாவது "கொஞ்ச"த்தில் சண்டை வரும். மறுபடி நான்கு வருடம் ஒதுக்க என்னால் முடியாது, வயதாகிறது.

கேட்டேன். இந்த முறை எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டாம் வயலினில் ஒருவர் கொஞ்சம் சோம்பேறி. அவரை அப்படியே விடு.

இனி செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, எதிரொலி. ஆளுக்கொரு மண்டபம் கொடுத்திருக்கிறாய். எல்லோருக்கும் ஒரே மண்டபம் கொடு. முன்வரிசை வயலினுக்குக் கொஞ்சமாக, பின்னால் நிற்கிற ஹார்னுக்கும் முரசுக்கும் அதிகமாக. இதற்குப் பணம் செலவழிக்காதே, லேப்டாப்பில் இருக்கிற சாதாரண எதிரொலி போதும்.

இரண்டாவது, நீ சொன்ன அந்த அமைதி. ஆள் இல்லாத அறையின் அமைதி வேறு, ஆட்கள் இருந்தும் பேசாமல் இருக்கிற அறையின் அமைதி வேறு. உனக்கு வேண்டியது இரண்டாவது. அதையும் பதிவு செய்து விற்கிறார்கள், வாங்காதே. பெரிய அறையாகப் பார்த்து, பத்துப் பதினைந்து பேரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லிப் பதிவு செய். ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். உன் அலுவலகத்தில் கிடைப்பார்கள். அந்தப் பதிவை இசைக்கு அடியில் மெல்லியதாக விரித்துவிடு. காதுக்குத் தெரியக் கூடாது. முதுகுக்குத் தெரிய வேண்டும்.

கையில் பிடித்துப் பதிவு செய்கிற கருவி ஒன்றை யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பொத்தான் ஒட்டிக்கொள்ளும், அழுத்தியதும் நகத்தால் நெம்பிவிடு. இதோடு அனுப்பியிருக்கிறேன். பில் வைக்கவில்லை. நீ பில்லில் குறை கண்டுபிடிப்பாய்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

முடிந்துவிட்டது. சொல்கிறேன், கேள்.

சனிக்கிழமை மதியம் கவுன்ட்டர் மூடிய பிறகு ஆஸ்பத்திரியின் கூட்ட அறையைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றார் நிர்வாகி. "ஊழியர் மனநலம்" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். பில்லிங் முழுக்க வந்தது. மருந்துக் கவுன்ட்டரிலிருந்து ஒருவர், துப்புரவுப் பிரிவிலிருந்து இருவர், அப்புறம் எங்கள் தலைமை காஷியர். அவருக்குத் தீராத இருமல். ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்வதால் அதை யாரும் கவனித்ததில்லை.

"என்ன மேடம் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காருங்க."

"அதைத்தானே தினமும் பண்றோம்?" என்றாள் இரண்டாம் கவுன்ட்டர் பெண்.

"தினமும் பேசிக்கிட்டே பண்றோம். இன்னைக்குப் பேசாம பண்ணணும்."

பிறை வடிவத்தில் நாற்காலி போட்டேன். சும்மா உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவார்கள் என்று ஆளுக்கொரு எக்ஸ்ரே உறையைத் தோளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், கையில் அடிஸ்கேல். காஷியருக்கு குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி, அது செல்லோ. மின்விசிறியை நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் வேர்த்தது. நான் ஹெட்போனில் இசையைக் கேட்டுக்கொண்டே அவர்கள் முன்னால் நின்று கையை ஆட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. என் கைதான் தெரியும். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. நான் கையைத் தூக்கும்போதெல்லாம் அத்தனை பேரும் மூச்சை இழுத்தார்கள். நான் சொல்லித் தரவில்லை. கை இறங்கும்போது நாற்காலிகள் லேசாக முனகின. ஒருவர் இல்லாத தாளைப் புரட்டினார். கப்பல் சாய்வதற்குச் சற்று முன்னால், எல்லாம் நிற்கிற அந்த இடத்தில், காஷியர் இருமினார். பாவம், அதுவரை அடக்கி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, உன் கருவியில் பதிவானதை இசைக்கு அடியில் விரித்தேன். தம்பி, என்ன சொல்ல? அவர்கள் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். வாசிப்பு நிற்கிற இடத்தில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். இருமலை வெட்டலாம் என்று போனேன், வெட்ட மனம் வரவில்லை.

அத்தானுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பேப்பரை எடுக்கவில்லை. முடிந்ததும், "இவங்கல்லாம் யாரு?" என்றார்.

இன்றைக்கு இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கப் போகிறேன்.

அக்கா


மே 5

தம்பிக்கு,

தூங்கியது போதும் என்று மேலே இருப்பவனுக்குத் தோன்றிவிட்டது போல.

இயக்குநர் ஒத்திகை அறைக்கு வரச் சொன்னார். ஏணி நடுவில் நின்றது. நடிகர்கள் தரையில் சாய்ந்திருந்தார்கள். முழுவதையும் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"மேடம், இசை பிரமாதம். ஆளுங்கதான் சரியில்ல."

"எந்த ஆளுங்க சார்?"

"உங்க ஆளுங்கதான். வயலின்ல ஒருத்தர் முந்தறார், ஒருத்தர் பிந்தறார். புல்லாங்குழல்காரருக்கு மூச்சு வாங்குது, வயசானவரா? அந்த இருமற ஆளு யாரு, செல்லோவா?"

"காஷியர்" என்று வாய் தவறிவிட்டது.

"காஷியரா?"

"செல்லோ பகுதி நேரம் சார்."

"பாத்தீங்களா! கம்மி பட்ஜெட்ல நிஜ ஆளுங்கள வெச்சா இப்படித்தான். தப்பு என்மேலதான், நான்தான் நிஜ ஆளுங்க வேணும்னு பிடிவாதம் பிடிச்சேன். பேசாம கம்ப்யூட்டர்லயே பண்ணிடுங்க மேடம். இப்பல்லாம் சூப்பரா வருதாமே. சுத்தமா இருக்கும்."

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆமாம், சொன்னேன். "சார், இதுவே கம்ப்யூட்டர்தான். ஒரு ஆளுகூட வாசிக்கல."

சிரித்தார். நடிகர்களும் சிரித்தார்கள். "எந்தக் கம்ப்யூட்டர் மேடம் இருமும்?" என்றார். பிறகு தணிந்த குரலில், "உங்க ஆளுங்க மனசு நோகக் கூடாதுன்னு நினைக்கறீங்க. பெரிய மனசு. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

மறுநாள் இருமலையும் அறைச் சத்தத்தையும் எடுத்துவிட்டு அனுப்பிப் பார்த்தேன். "வாசிப்பு இன்னும் அலையுது, அதே ஆளுங்கதானே?" என்று பதில் வந்தது. அடுத்த வாரத்துக்குள் சுத்தமானது வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த வேறொருவர் இருக்கிறாராம்.

சுத்தமாக்க எனக்கு வழி தெரியும். மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் முந்தியவர், பிந்தியவர், சோம்பேறி எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடும். சக்கரம் திருப்பியதையெல்லாம் அழித்து, மூச்சு எடுத்த இடங்களை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. என் மணிக்கட்டு போன இரண்டு மாதத்தை இல்லாமல் செய்ய ஒரு மத்தியானம் போதும்.

செய்யாவிட்டால் அறை போகிறது. செய்தால் அறை மிஞ்சும், உள்ளே என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. அத்தான் நேற்று அளக்கிற டேப் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். என்னைப் பார்த்ததும் டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான்.

அழுத்தவா? ஒரு வார்த்தை எழுது.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

அழுத்து.

கேட்டது ஒரு வார்த்தை. இனி எழுதுவது இனாம்.

அறையை விடாதே. அந்த இயக்குநர் இசையைக் கேட்கவில்லை, தான் பயந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைக் கேட்டார். கடையில் தினமும் பார்க்கிறேன். தனக்கு எது கேட்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியும். அவர் கேட்ட பெட்டியைக் கொடு. அதில் பாவம் ஒன்றுமில்லை. இருந்தால் நான் எப்போதோ எரிந்திருப்பேன்.

ஆனால் அழுத்துவதற்கு முன்னால் நகல் எடு. லேப்டாப்பில் ஒன்று, வெளியே ஒன்று. என்னிடம் ஒன்று இருக்கிறது.

அந்த நகலைக் கடை டெமோ ஹெட்போனில் ஓடவிட்டேன். ஒரு பெரியவர் போட்டுப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார். பக்கத்தில் இருந்த மனைவி சட்டையை இழுத்தபோதும் அசையவில்லை. கழற்றிவிட்டு, "எந்த ஹால் இது?" என்றார். "ஆஸ்பத்திரி சார்" என்றேன். தலையாட்டினார். அபாரமான ஹெட்போன் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் போட்டுப் பார்த்து ஏமாந்திருப்பார். திருப்பிக் கொடுக்க வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் கேட்டேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. புல்லாங்குழல்காரர் மூச்சு இழுக்கிற இடத்தில் நானும் இழுக்கிறேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

அறை தப்பித்தது.

அழுத்தினேன். அவரவர் வரிசைக்குப் போய் விறைப்பாக நின்றுகொண்டார்கள். இயக்குநர் போனில், "பாத்தீங்களா மேடம், இதுதான் நான் கேட்டது. கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தான்" என்றார். "ஆமா சார்" என்றேன். எனக்கு வாதாட மூச்சில்லை.

முதல் காட்சிக்குப் போயிருந்தேன். கடைசி வரிசை. ஏணி சாய்ந்தது, கப்பல் மூழ்கியது, புல்லாங்குழல்காரர் செத்தபடியே ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதற்கே அழுகிறாளே. அவள் கையைப் பிடித்து, "கொஞ்சம் பொறுங்க, வேற ஒண்ணு இருக்கு" என்று சொல்லலாமா என்றிருந்தது. பைத்தியம் என்பாள்.

அடுத்த நாடகத்துக்கும் என்னையே கேட்டிருக்கிறார். அதுவும் கம்ப்யூட்டரில்தான், சுத்தமாக. ஒப்புக்கொண்டேன். அத்தானின் ஓடுகிற இயந்திரம் கூடத்துக்கு வந்துவிட்டது. நல்ல அகலமாக இருக்கிறது, துண்டு காயப்போடத் தோதாக.

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் அவர்களுக்கு மட்டும் ஏப்ரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். உனக்குப் பிடிக்காத ஸ்பீக்கரில், இரவல் வாங்கியது. கடைசியில் எல்லாம் நிற்கிற இடம் வந்தது. "நான்! அது நான்!" என்று காஷியர் எழுந்து நின்றுவிட்டார். "உங்களுக்கு முன்னாடி கிறீச்னது என் நாற்காலி, அதைச் சொல்லுங்க" என்றாள் இரண்டாம் கவுன்ட்டர். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசாமல் இருக்க இப்போது நன்றாகப் பழகிவிட்டார்கள். கலையும்போது, "அடுத்தது எப்ப மேடம்?" என்றார்கள். அடுத்தது இருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

இருக்கத்தான் செய்கிறது. நாடகத்துக்கு இல்லை. யாரும் கேட்காத ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு களைப்பு, இதில் பசிக்கிறது.

மருந்துக் கவுன்ட்டர்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு ஆள் குறைகிறது. நீ எதையும் செய்து கொடுக்க வர வேண்டாம். அச்சகத்துக்காரனைப் பற்றியும் பேச வேண்டாம், அந்தப் பதிவில் யாரும் எதுவும் பேசக் கூடாது. வந்து உட்கார்ந்திருந்தால் போதும். மாதக் கடைசி சனிக்கிழமை, மதியம்.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

ஏப்ரல் பதிவைத் திரும்பக் கேட்டேன். கருவியை ஜன்னல் பக்கமாக வைத்திருக்கிறாய். இரண்டாம் பகுதி முழுக்க வெளியே ஏதோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறது. நடுக்கடலில். உனக்குக் கேட்கவில்லையா?

அதை நகர்த்தி வைக்கத்தான் வருகிறேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். லீவு கேட்டேன், முதலாளி எதற்கு என்றார். கச்சேரி என்றேன். "நீ என்ன வாசிப்பே?" என்றார். "ஒண்ணும் வாசிக்க மாட்டேன் சார்" என்றேன். யோசித்துவிட்டு, அரை நாள் கூடுதலாகக் கொடுத்தார்.

கருவியைச் சரியான இடத்தில் வைத்தபிறகு எனக்கும் ஒரு நாற்காலி போடு. சத்தமே வராத நாற்காலியாகத் தேடி எடுக்காதே.

தம்பி